ஏரிப் படகின் இன்ஜினைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்ய, பிங்க் ஆண்டிஃப்ரீஸை உறிஞ்சவிட்டால் போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். டொராண்டோவில் இருக்கிறீர்கள். 2005-ஆம் ஆண்டின் 19 அடிப் படகு, அதில் மெர்க்ரூசர் 4.3 லிட்டர் வி6 கார்புரேட்டர் இன்ஜின், ஆல்ஃபா ஒன் ஜென் 2 டிரைவ் (படகின் பின்னால் வெளியே இருந்து புரொப்பெல்லரைச் சுழற்றும் பகுதி). கோடை முழுவதும் சிம்கோ ஏரியில் ஓட்டியாயிற்று. குளிர்காலத்தில் டிரெய்லரிலேயே வீட்டு முற்றத்தில் மூடி நிறுத்தப்போகிறீர்கள். இதுவரை மரீனாவில் கொடுத்துச் செய்த வேலையை இந்த முறை சொந்தமாகச் செய்ய எண்ணம். வாளியில் 20 லிட்டர் பிங்க் ஆண்டிஃப்ரீஸை (உறைதடுப்புத் திரவம்) வைத்து, இன்ஜினை ஓடவிட்டு உறிஞ்சச் செய்து, எக்ஸாஸ்டில் பிங்க் நிறம் வந்ததும் நிறுத்தினால் வேலை முடிந்தது என்று நண்பர் சொல்லியிருக்கிறார். அது போதுமா, டிரைவைக் கழற்றித்தான் ஆகவேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. டிரைவைப் பொறுத்தவரை பதில் கொஞ்சம் நீளம், பின்னால் வருகிறேன். உங்கள் இன்ஜின் ஏரித் தண்ணீரையே நேராக உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வகை. காரில் இருப்பதுபோல் மூடிய கூலன்ட் சுற்று கிடையாது. நிறுத்திய பிறகும் பிளாக்கின் (இன்ஜினின் முக்கிய வார்ப்பிரும்பு உடல்) இரு பக்கத்திலும், புகையை வெளியே கொண்டுபோகும் இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளிலும், ஹோஸ்களின் தாழ்வான வளைவுகளிலும் வெறும் ஏரித் தண்ணீர் நிற்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்பு அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காது, வெடிக்கும். வழக்கமாக மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் வெளிச்சுவரில் நீளவாக்கில் விரிசல் விழும். அல்லது உள்ளே வால்வ் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்தில் விழும். பின்னது வெளியே தெரியாது. வசந்தத்தில் எண்ணெய் பால்போல மாறும்போதுதான் தெரியவரும். பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகடுகளை ‘ஃப்ரீஸ் பிளக்’ என்று சொல்வதால், உறைந்தால் அவை பிதுங்கி பிளாக்கைக் காப்பாற்றிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அவை வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை வெளியே எடுக்க விட்ட துளைகளின் மூடிகள். சில சமயம் பிதுங்கும், பல சமயம் பிதுங்காமலே பிளாக் உடையும். அவற்றை நம்பி எதையும் விட வேண்டாம்.

நண்பர் சொன்ன முறையின் ஓட்டை தெர்மோஸ்டாட்டில் இருக்கிறது. டிரைவிலிருந்து வரும் தண்ணீர் முதலில் இன்ஜினின் முன்மேல் பக்கத்திலுள்ள தெர்மோஸ்டாட் கூட்டுக்கு வருகிறது. இன்ஜின் சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூடாகும்வரை தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். அதுவரை பிளாக்குக்குள் பழைய தண்ணீரே சுற்றிக்கொண்டிருக்க, புதிதாக வருவதில் பெரும்பகுதி பிளாக்கைத் தொடாமல் நேராக மேனிஃபோல்டு வழியாக எக்ஸாஸ்டுக்குப் போய்விடும். ஆக, குளிர்ந்த இன்ஜினில் வாளியை வைத்தால் சில நிமிடத்தில் புரொப்பெல்லர் பக்கம் அழகாகப் பிங்க் நிறம் கொட்டும். பிளாக்கில் ஏரித் தண்ணீர் அப்படியே நிற்கும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டுச் செய்தாலும் முழுத் தீர்வு இல்லை. ஆண்டிஃப்ரீஸ் உள்ளே இருக்கும் தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போகும், எந்த விகிதத்தில் கலந்தது என்று உங்களால் பார்க்க முடியாது. எக்ஸாஸ்டில் வரும் நிறம் எக்ஸாஸ்டைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. அதனால் இந்த வேலை முழுவதற்கும் என் நிலைப்பாடு ஒன்றே: முதலில் தண்ணீரை வெளியேற்றுங்கள், அது வெளியேறியதைக் கண்ணால் பாருங்கள். ஆண்டிஃப்ரீஸ் அதற்குப் பிறகு.

எப்போது செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒன்டாரியோவில் பலர் தவறுவது முறையில் அல்ல, தேதியில். படகு தண்ணீரில் மிதக்கும்வரை, ஏரியின் சூடு அடிப்பகுதியையும் இன்ஜின் அறையையும் ஓரளவு காத்துக்கொண்டிருக்கும். டிரெய்லரில் ஏற்றிய நிமிடத்திலிருந்து டிரைவையும் இன்ஜினையும் சுற்றிக் குளிர்காற்று மட்டும்தான். சுழியத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் போனால் பிளாக் வெடித்துவிடாது. −4, −5 டிகிரியில் ஓர் இரவு முழுவதும் நின்றால் ஆபத்து உண்மையானது. மெல்லிய ஹோஸ்களும் மேனிஃபோல்டின் ஓரங்களும்தான் முதலில் உறையும். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையில் வரும் தேங்க்ஸ்கிவிங்கை ஒட்டிப் படகை எடுப்பவர்கள், எடுத்த அன்றே தண்ணீரை மட்டுமாவது வடித்துவிடுங்கள். மற்ற வேலைகளை அடுத்த வாரம் பார்க்கலாம், அவற்றுக்காக இன்ஜினை ஓட்டினால் முடிவில் மறுபடி வடிக்கவேண்டும். அத்துடன், 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் படகைச் சாலையில் கொண்டுபோகும் முன் வடிகால் மூடிகளைத் திறந்து தண்ணீரை வடிப்பதும், ஒட்டியிருக்கும் நீர்த்தாவரங்களையும் உயிரிகளையும் அகற்றுவதும் சட்டப்படி கட்டாயம். சிம்கோ ஏரியில் ஸீப்ரா சிப்பிகள் பல ஆண்டுகளாகவே உண்டு. டிரைவின் பக்கவாட்டில் தண்ணீர் உறிஞ்சும் சிறு துளைகளில் அவை ஒட்டியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். தண்ணீரைக் கடைசியாக வடித்த பிறகு இன்ஜினை ஓட்டக் கூடாது என்பதால், ஓடவேண்டிய வேலைகள் எல்லாம் முன்னால் வரவேண்டும். அதில் முதலாவது பெட்ரோல். கடைசிப் பயணத்துக்கு முன்பே டேங்கில் ஸ்டெபிலைசர் ஊற்றி, மேலே பெட்ரோல் நிரப்பினால் தானாகக் கலந்துவிடும். அளவு லேபிளில் உள்ளபடி மட்டும். 30 மில்லி 10 லிட்டருக்கு என்று ஒரு வகை இருக்கும், அதே 30 மில்லி 40 லிட்டருக்கு என்று இன்னொரு வகை இருக்கும், பழைய பழக்கத்தில் ஊற்றினால் தவறிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அப்படிப் பிரிந்ததை எந்த மருந்தும் திரும்பச் சேர்க்காது, வடித்துக் கொட்டவேண்டியதுதான். டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா என்பதில் அனுபவசாலிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. 90, 95 சதவீதம் நிரப்பி, விரிவடைய இடம் விடுவதையே நான் சொல்வேன். ஈரக் காற்றுக்கு உள்ளே இடம் குறையும், கூடவே கொஞ்சம் ஈரத்தைத் தாங்கப் பெட்ரோலின் அளவும் கூடும். டேங்கில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பது தெரிந்தால் நிரப்ப வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மாற்றுங்கள். கழற்றியதில் உள்ள பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்தால், அடியில் தனியாகக் கோடு பிரிகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, இன்ஜினை டிரெய்லரில் ஓட்டுவது. டிரைவின் இருபுறத் துளைகளிலும் ரப்பர் மஃப் மாட்டி, தோட்டக் குழாயை இணைத்து, முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிறகுதான் ஸ்டார்ட் செய்யவேண்டும். ஆல்ஃபா டிரைவில் தண்ணீர் பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. அதன் ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. உலர்ந்த நிலையில் சில நொடிகள் சுழன்றாலே இறக்கைகள் கருகத் தொடங்கும். ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜின் அறையைத் திறந்து, புளோயரை (உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் விசிறி) குறைந்தது நான்கைந்து நிமிடம் ஓடவிடுங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பாதுகாப்பு. வேகம் 1500 ஆர்.பி.எம்மைத் தாண்ட வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர்வரை வந்திருக்கும், எண்ணெயும் சூடாகி இளகியிருக்கும். இப்போது நிறுத்தி, டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சும் பம்பால் எண்ணெயை எடுத்து, ஃபில்டரை மாற்றுங்கள். ஃபில்டரோடு சேர்த்து 4 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். முதலில் 4 ஊற்றிவிட்டு, டிப்ஸ்டிக்கைப் பார்த்துத்தான் மிச்சம். மெர்க்ரூசருக்கான 25டபிள்யூ-40 மரைன் எண்ணெய் போதும். வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாமே என்று தள்ளிப்போடாதீர்கள். ஓடி முடித்த எண்ணெயில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அது ஆறு மாதம் பேரிங்குகள் மேல் படிந்து கிடப்பது நல்லதல்ல.

புது எண்ணெயோடு மறுபடி மஃபில் ஓட்டி, அந்தக் கடைசி ஓட்டத்திலேயே ஃபாகிங் ஆயிலை அடித்துவிடுங்கள். கார்புரேட்டர் மேலிருக்கும் ஃப்ளேம் அரெஸ்டரைக் கழற்றி, இன்ஜினை 1000 முதல் 1500 ஆர்.பி.எம்மில் வைத்து, ஸ்ப்ரேயை விட்டுவிட்டுத் தெளித்துக்கொண்டே வந்து, இறுதியில் அடர்த்தியாக அடித்தால் இன்ஜின் திணறும். அணையப்போகும் தருணத்தில் சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். வெள்ளைப் புகை நிறைய வரும், பயப்பட வேண்டாம், பக்கத்து வீட்டாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சிலிண்டர் சுவரும் வால்வுகளும் துரு பிடிக்காமல் இருக்கத்தான் இந்தப் படலம். இதைப் படிக்கும் எம்.பி.ஐ. இன்ஜெக்ஷன் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சிச் செலுத்தும்) இன்ஜின்காரர்களுக்கு ஒரு சொல்: மேலிருந்து ஸ்ப்ரே அடிக்கும் முறை உங்களுக்கு இல்லை. மெர்க்ரூசர் கையேடு சொல்வது, தனி டேங்கில் 19 லிட்டர் பெட்ரோல், 1.9 லிட்டர் டிசி-டபிள்யூ3 டூ-ஸ்ட்ரோக் ஆயில், 150 மில்லி ஸ்டெபிலைசர் கலந்து, அதை இன்ஜினுக்குக் கொடுத்து 1300 ஆர்.பி.எம்மில் ஐந்து நிமிடம் ஓட்டுவது. உங்கள் மாடலின் கையேட்டில் இதே எண்கள்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீரை வடிப்பது. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். டிரெய்லரை மட்டமாக நிறுத்துங்கள், டிரைவை முழுதும் கீழே இறக்குங்கள். 4.3-இல் பிளாக்கின் இடது வலது பக்கங்களில் கீழே ஒவ்வொரு வடிகால், இரண்டு மேனிஃபோல்டுகளின் அடியில் ஒவ்வொன்று. ஆண்டைப் பொறுத்து இவை பித்தளைத் திருகாகவோ நீல நிறப் பிளாஸ்டிக் மூடியாகவோ இருக்கும். வெறுமனே தளர்த்தாமல் முழுதும் கழற்றி எடுத்துவிடுங்கள், அப்போதுதான் உள்ளே கம்பி விட முடியும். தண்ணீர் நன்றாகக் கொட்டவேண்டும். சொட்டுச்சொட்டாக வந்தாலோ, திறந்ததும் எதுவுமே வராவிட்டாலோ ‘காலியாகிவிட்டது’ என்று நினைக்கக் கூடாது. 20 ஆண்டு ஓடிய பிளாக்கின் அடியில் துருச் செதிலும் ஏரி மணலும் படிந்து துளையை அடைத்திருக்கும். ஒரு கெட்டியான கம்பியையோ சிறிய ஸ்க்ரூடிரைவரையோ உள்ளே விட்டுக் குத்திக் கிளறுங்கள். திடீரென்று பழுப்புத் தண்ணீர் பீறிட்டு வரும். வருவது நின்றதும் மறுபடி குத்துங்கள். இரண்டு பக்கத்திலும் தனித்தனிப் பாத்திரம் வைத்துப் பிடித்தால், ஏறக்குறைய ஒரே அளவு வந்ததா என்று ஒப்பிடலாம். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அங்கே இன்னும் நிற்கிறது என்றே கொள்ளவேண்டும். பல படகுகளில் ஒரு பக்கம் கை நுழைய இடம் குறைவு, அந்தப் பக்கம் விட்டுப்போனால் பிளாக் உடையும். செல்பேசியை வீடியோவில் வைத்துக் கீழே நீட்டினால் துளையைப் பார்க்கலாம்.

வடிகால்களோடு நிறுத்திவிடாதீர்கள். இன்ஜின் முன்னாலுள்ள சர்குலேட்டிங் பம்பின் பெரிய ஹோஸைக் கீழ் முனையில் கழற்றித் தாழ்த்துங்கள், அதில் கணிசமான தண்ணீர் நிற்கும். டிரைவிலிருந்து டிரான்சம் (படகின் பின்சுவர்) வழியாக வரும் உள்வரும் ஹோஸையும் கழற்றி வடியுங்கள். பவர் ஸ்டியரிங் ஆயிலைக் குளிர்விக்கும் சிறு பித்தளைக் கூலர் இந்த வழியில்தான் இருக்கிறது, அதை எல்லோரும் மறப்பார்கள். மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ்களில் கீழ்நோக்கி வளைந்தவை இருந்தால் அவற்றையும் பாருங்கள். எல்லாம் வடிந்த பிறகு, இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி இக்னிஷன் காயிலின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை ஓரிரு நொடி மட்டும் சுற்றவிட்டால் டிரைவிலுள்ள பம்பில் தேங்கியதும் வெளியேறும். ஹோஸின் உள்பக்கம் கையால் அமுக்கினால் மொறுமொறுப்பாகவோ பிரிபிரியாகவோ இருந்தால் இப்போதே மாற்றுவதற்குக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய மூடிகளை ஒரு பையில் போட்டு ஸ்டியரிங் வீலில் கட்டுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

இப்போது பிளாக் காலி. ஆண்டிஃப்ரீஸ் ஊற்றவேண்டுமா? நல்ல மெக்கானிக்குகளே இரண்டு பக்கமாக நிற்கும் கேள்வி இது. முழுதும் வடிந்த பிளாக்கை வெறுமையாகவே விட்டு, மூடிகளையும் திறந்தே வைத்தால், உறைந்து வெடிக்க உள்ளே எதுவும் இல்லை. இது உறுதி. ஊற்றுபவர்களின் வாதம், ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப்போயிருந்தால் அதை அது உறையாமல் காக்கும், துருத் தடுப்புப் பொருள் சேர்த்த வகையாக இருந்தால் ஈர இரும்பைக் காற்றிலிருந்தும் காக்கும் என்பது. நான் ஊற்றச் சொல்வேன். ஆனால் வாளி வழியாக அல்ல. மூடிகளை மாட்டிவிட்டு, தெர்மோஸ்டாட் கூட்டில் கழற்றிய பெரிய ஹோஸ் வழியாக நேராகப் பிளாக்குக்குள் ஊற்றுங்கள், பிறகு மேனிஃபோல்டு ஹோஸ்கள் வழியாக இரண்டு மேனிஃபோல்டுகளிலும் ஊற்றுங்கள். 3.78 லிட்டர் ஜாடி மூன்று அல்லது நான்கு ஆகும். புரொப்பிலீன் கிளைக்கால் வகையையே வாங்குங்கள். எத்திலீன் கிளைக்கால் நாய், பூனைகளுக்கு விஷம், வசந்தத்தில் அது ஏரிக்குப் போகக் கூடாது. ஜாடியில் −50 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது ஃபாரன்ஹீட், அதாவது −45 டிகிரி செல்சியஸ். அதுவும் தண்ணீர் கலக்காத நிலையில் குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லைதான், உறையும் எல்லை அல்ல. சுமார் −10 டிகிரியிலேயே அது கூழாகத் தொடங்கும். அந்தக் கூழ் இரும்பை உடைக்காது. ஆனால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடும். தண்ணீரை வடிக்காமல் மேலே ஊற்றுவது ஏன் பயனற்றது என்பது இதிலிருந்தே விளங்கும். ஊற்றி முடித்ததும் ஒரு வடிகாலைச் சற்றுத் திறந்து, வருவதை ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் செறிவைக் காட்டும் கருவி) பாருங்கள். புரொப்பிலீன் அளவுகோல் உள்ள கருவியாக இருக்கவேண்டும்.

டிரைவுக்கு வருவோம். இங்கே விட்டுவிடவே முடியாதது கியர் ஆயில். தண்ணீர் புகுந்த கியர் ஆயிலோடு குளிர்காலம் போனால், தண்ணீர் அடியில் இறங்கி உறைந்து அலுமினியக் கூட்டையே பிளந்துவிடும். அதனால் இதை இலையுதிர் காலத்திலேயே பார்க்கவேண்டும். டிரைவ் கீழே இறங்கிய நிலையில், அடித் திருகையும் மேல் கூட்டிலுள்ள காற்றுத் திருகையும் எடுங்கள். அடியில் தெளிந்த தண்ணீர் முதலில் வந்தாலோ, எண்ணெய் பாலாடை நிறத்தில் இருந்தாலோ எங்கோ சீல் போயிருக்கிறது. புரொப்பெல்லர் தண்டின் சீலே முதல் சந்தேகம், காரணம் பெரும்பாலும் தண்டைச் சுற்றிய மீன்பிடி நூல். அடித் திருகின் காந்த முனையில் சாம்பல் நிற மாவுபோல ஒட்டியிருப்பது இயல்பு. ஊசி, செதில் வடிவில் உலோகம் இருந்தால் கியரோ பேரிங்கோ தேய்கிறது. புது ஆயிலை மேலிருந்து ஊற்றக் கூடாது, உள்ளே காற்று சிக்கும். அடித் துளையில் பம்பை மாட்டிக் கீழிருந்து மேலே ஏற்றுங்கள். மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் அந்தத் திருகை மூடுங்கள். இன்ஜின் அறையில் கியர் ஆயிலின் அளவைக் காட்டும் மானிட்டர் பாட்டிலில் ஆயில் எட்டிப்பார்க்கும்வரை தொடர்ந்து ஏற்றி, பிறகு பம்பை எடுத்த வேகத்தில் அடித் திருகை மாட்டுங்கள். பாட்டிலோடு சேர்த்து ஏறக்குறைய 2 லிட்டர். இரண்டு திருகுகளுக்கும் புது வாஷர் போடுங்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்த வாஷர் கசிந்தே பல டிரைவ்களில் தண்ணீர் புகுகிறது. ஆயில் பால் நிறமாக வந்திருந்தால், புதிதாக மாற்றியது குளிர்காலத்தைத் தாண்டவைக்கும், கோளாறைத் தீர்க்காது. வசந்தத்துக்கு முன் அழுத்தச் சோதனை செய்து எந்தச் சீல் என்று கண்டுபிடிக்கவேண்டும்.

டிரைவைக் கழற்றவேண்டுமா? உறைபனிக்காக மட்டும் என்றால், வேண்டாம். கீழே இறக்கி வைத்தால் அதன் தண்ணீர் தானாக வடியும். ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றுவதற்கு வேறு வலுவான காரணம் உண்டு. டிரான்சமுக்கும் டிரைவுக்கும் இடையே உள்ள ரப்பர் பெல்லோஸ்தான் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) இன்ஜின் சுழற்சியை டிரைவுக்குக் கொண்டுபோகும் தண்டின் யூ-ஜாயின்டையும், அந்தத் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கையும் தண்ணீரிலிருந்து பிரித்துவைக்கிறது. அதில் ஊசித்துளை விழுந்தால் முதலில் பேரிங் துருப்பிடிக்கும், முற்றிலும் கிழிந்தால் தண்ணீர் படகுக்குள்ளேயே வரும், கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்கக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் மடிப்புகளின் ஆழத்தில் உள்ள வெடிப்பு தெரியாது. கழற்றுவதானால் ஷிஃப்ட் நெம்புகோலை முன் கியரில் வையுங்கள், டிரிம் சிலிண்டர்களின் பின்முனையை விடுவியுங்கள், ஆறு நட்டுகளைக் கழற்றி டிரைவை நேராகப் பின்னால் இழுங்கள். தனி ஆளாகத் தூக்கும் எடை அல்ல, டிரைவ் ஸ்டாண்டோ இன்னொரு ஆளோ வேண்டும். உள்ளே விரல் விட்டு கிம்பல் பேரிங்கைச் சுற்றுங்கள். கரகரத்தால் மாற்றுங்கள். பெல்லோஸின் உட்புறம் உலர்ந்திருக்கவேண்டும், துருத் தண்ணீர்க் கறை இருந்தால் அதுவே பதில். யூ-ஜாயின்டுகளுக்கும் ஸ்ப்ளைன்களுக்கும் கிரீஸ் போடுங்கள், இன்ஜின் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் பாரைச் செருகிப் பாருங்கள், இரண்டு விரல் அழுத்தத்தில் அது இன்ஜின் பின்னாலுள்ள கப்ளருக்குள் போகவேண்டும். திரும்ப மாட்டும்போது நட்டுகளுக்கு 68 நியூட்டன் மீட்டர். இந்தக் கருவிகள் இல்லையென்றால், தண்ணீர் வடிப்பதை நீங்களே செய்துவிட்டு, இந்த ஒரு வேலையை மட்டும் வசந்தத்தில் மெக்கானிக்கிடம் கொடுப்பது நியாயமான பிரிப்பு. பெல்லோஸ் கடைசியாக எப்போது மாறியது என்பதற்கு ரசீது இல்லாத படகில், பார்த்து முடிவுசெய்வதைவிட மாற்றிவிடுவதே என் யோசனை. இம்பெல்லரும் அப்படியே. இரண்டு மூன்று பருவம் ஆகியிருந்தால் கிழியும்வரை காத்திருக்கவேண்டாம்.

கழற்றி வைத்த புரொப்பெல்லரின் பின்னே நூல் சுற்றியிருக்கிறதா பார்த்து, தண்டைத் துடைத்துக் கிரீஸ் தடவுங்கள். மாட்டும்போது 75 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் முடுக்கி, பூட்டு வாஷரின் காதை மடக்குங்கள். அரிமானத்தைத் தாங்கும் ஆனோடுகள் பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். சிம்கோ நன்னீர் ஏரி, அங்கே துத்தநாகம் சரியாக வேலை செய்யாது, மக்னீசியம் போடவேண்டும். ஆனோடின் மேல் பெயின்ட் அடித்திருந்தால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

நிறுத்தும்போது டிரைவ் கீழேயே இருக்கட்டும். டிரெய்லரில் மேலே தூக்கிவைத்தபடியே ஆறு மாதம் விட்டால் எக்ஸாஸ்ட் வழியில் மழைநீரும் பனிநீரும் தேங்கி உறையும், பெல்லோஸும் இழுபட்ட வடிவிலேயே இறுகிவிடும். கீழே இருந்தால் டிரிம் தண்டுகளும் சிலிண்டருக்குள் பாதுகாப்பாக இருக்கும். டிரைவின் முன்விளிம்பில் வேகமானிக்கான சிறு துளை இருக்கும், மெல்லிய கம்பியால் அதைத் துழாவிவிடுங்கள். படகின் மூக்கைச் சற்று உயர்த்தி நிறுத்தி, பின்பக்க அடிமூடியை எடுத்துவிடுங்கள், மூடித்துணி கிழிந்து தண்ணீர் உள்ளே வந்தாலும் வெளியேறும். பேட்டரியை முழு சார்ஜ் செய்து, ஓய்வில் 12.6 வோல்டுக்குக் குறையாமல் இருப்பதைப் பார்த்து, கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் கொடுங்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரி ஒன்டாரியோக் குளிரில் உறையாது, இறங்கிப்போன பேட்டரி −7 டிகிரியிலேயே உறைந்து பிளந்துவிடும். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது இன்றைய பிளாஸ்டிக் உறைப் பேட்டரிகளுக்குப் பொருந்தாது.

இன்ஜின் அறையில் ஒரு பல்போ ஹீட்டரோ போட்டுவிட்டால் இத்தனையும் வேண்டாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2013 டிசம்பர் உறைமழைப் புயலில் டொராண்டோவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பெட்ரோல் வாடை நிற்கக்கூடிய அறையில் சாதாரண ஹீட்டர் வைப்பது தீ அபாயமும்கூட. காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். உறைபனியால் வெடித்த பிளாக்குக்குப் பல பாலிசிகள் பணம் தராது, தருபவையும் வேலை செய்ததற்கு ரசீது கேட்கலாம். ஆகவே வாங்கிய பொருள்களின் ரசீதுகளையும், வடிகால்கள் திறந்திருக்கும் புகைப்படங்களையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படகில் முந்தைய உரிமையாளர் யாராவது வாட்டர் ஹீட்டர் போன்ற கூடுதல் இணைப்பு கொடுத்திருந்தால் அதன் ஹோஸ்களும் இந்தக் கணக்கில் சேரும். அது படகை நேரில் பார்ப்பவருக்குத்தான் தெரியும், ஒவ்வொரு ஹோஸையும் முனைவரை கையால் பின்தொடர்ந்து பார்த்துவிடுங்கள்.

ஏப்ரலில் திறக்கும்போது முதலில் டிப்ஸ்டிக்கை இழுங்கள். எண்ணெய் பால் நிறமாக இருந்தாலோ, அளவு கூடியிருந்தாலோ ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எண்ணெய் தெளிவாக இருந்தால் ஆண்டிஃப்ரீஸை வாளியில் வடித்து, அபாயக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் டிப்போவில் கொடுங்கள், பழைய எண்ணெயையும் அங்கேயே கொடுக்கலாம். மூடிகளையும் ஹோஸ்களையும் மாட்டி, மஃபில் ஓட்டி, ஒவ்வொரு வடிகாலின் அடியிலும் உலர்ந்த காகிதத் துண்டைப் பிடித்துக் கசிவு பாருங்கள். ஃபாகிங் ஆயில் எரிந்து முதல் சில நிமிடம் புகையும், ஸ்பார்க் பிளக்குகள் அழுக்கானால் மாற்றிக்கொள்ளலாம். ஏரியில் இறக்கும் முன் அடிமூடி திரும்ப மாட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள், இறக்கிய பிறகு டிரெய்லரிலிருந்து விடுவிக்கும் முன்பே பில்ஜில் (படகின் அடிப்பள்ளம்) தண்ணீர் வருகிறதா என்றும் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள்.